பி.டி. டீசல் காரில் கேம் ஷாஃப்ட் தேய்மானம்: அறிகுறி வாரியாகச் சோதனை, அதன் பிறகு சரியான ஷாஃப்ட்

“அண்ணே, ஸ்கோடா லாராவுக்கு கேம் ஷாஃப்ட் மாத்தணுமாம். எந்தக் கம்பெனி வாங்கட்டும்?” என்று போனில் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: “டேப்பட் கவரைத் திறந்து பாத்தாச்சா?” கேம் ஷாஃப்ட் என்பது இன்ஜினின் வால்வுகளைத் திறக்கும் தண்டு. டேப்பட் அதற்குக் கீழே இருந்து வால்வை அழுத்தும் சின்னக் கிண்ணம். இரண்டையும் மூடியிருப்பதுதான் டேப்பட் கவர். பெரும்பாலும் பதில், இல்லை. சத்தத்தைக் கேட்டோ புகையைப் பார்த்தோ யாரோ சொல்லியிருப்பார்கள். சில சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் இது விலை உயர்ந்த வேலை. கவரைத் திறந்து கண்ணால் பார்க்காமல் ஷாஃப்ட்டுக்கு ஆர்டர் போடாதீர்கள். பார்த்து, தேய்மானம் உறுதியான பிறகும் ஷாஃப்ட்டை மட்டும் தனியாக வாங்காதீர்கள். ஷாஃப்ட், டேப்பட், ஆயில் மூன்றும் சேர்ந்து ஒரு செட். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் இங்கே எழுதுவது 1.9 லிட்டர் பி.டி. (பம்ப்பும் இன்ஜெக்டரும் ஒன்றாக உள்ள வகை) இன்ஜினைப் பற்றி. ஸ்கோடா லாரா 1.9 டி.டி.ஐ., ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா 1.9 டி.டி.ஐ. இரண்டிலும் இருப்பது இதுதான். எட்டு வால்வு, ஒரே கேம் ஷாஃப்ட், 105 குதிரைத் திறன். இப்போது நம் ஊரில் ஓடும் இந்தக் கார்களில் பல இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன. இந்த இன்ஜினில் டீசல் பம்ப் தனியாக இல்லை. ஒவ்வொரு இன்ஜெக்டருக்குள்ளும் ஒரு குட்டிப் பம்ப் இருக்கிறது, அதை அழுத்துவதும் இதே கேம் ஷாஃப்ட்தான். அதனால் ஷாஃப்ட்டில் 12 லோப்கள், அதாவது அழுத்தித் தள்ளும் முட்டை வடிவ மேடுகள்: வால்வுக்கு எட்டு, இன்ஜெக்டருக்கு நான்கு. இன்ஜெக்டர் லோப்பை அகலமாக வைக்க வேண்டியிருந்ததால், வால்வு லோப்புக்குக் கிடைத்த அகலம் குறைவு. தேய்மானம் தொடங்குவது அந்தக் குறுகிய லோப்பில்தான்.

அறிகுறி 1: ஹெட் (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல் பகுதி) பக்கத்திலிருந்து ‘டிக் டிக்’ சத்தம்

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி சத்தம் வந்து நின்றுவிடுகிறதா? அது டேப்பட்டில் ஆயில் ஏறும் நேரம். வயதான இன்ஜினில் இதற்காகப் பயப்பட வேண்டாம். ஆயில் மட்டத்தையும், கடைசியாக எப்போது எந்த ஆயில் ஊற்றினார்கள் என்பதையும் பாருங்கள். இந்த இன்ஜினுக்கான தரக்குறியீடு ஃபோக்ஸ்வாகன் 505 01. டப்பாவின் பின்பக்கம் இந்த எண் அச்சில் இருக்க வேண்டும். “டீசல் ஆயில்தான் சார், எல்லா வண்டிக்கும் இதான்” என்று 15டபிள்யூ-40 ஊற்றியிருந்தால், உடனே வடித்துவிட்டு 505 01 எண் போட்ட 5டபிள்யூ-40 ஊற்றி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

குளிரில் சத்தம், சூடானால் மறைகிறதா? எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். உலோகம் சூடேறி விரியும்போது இடைவெளி மூடிக்கொள்ளும். டார்ச் அடித்துப் பார்த்தால் கசியும் இடத்தில் கரித் தடம் தெரியும்.

கிளட்ச்சை மிதித்ததும் சத்தம் மாறுகிறதா? அப்படியானால் சத்தம் ஹெட்டில் இல்லை. கிளட்ச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் இரட்டைச் சக்கரமான ட்யூவல் மாஸ் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும். இதைக் கேம் சத்தம் என்று நினைத்து ஹெட்டைத் திறந்த வண்டிகள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. கிளட்ச் மிதித்துப் பார்க்கக் காசு ஆகாது, அதை முதலில் செய்யுங்கள்.

பெல்ட் பக்கம் கேட்கிறதா? ஆல்டர்னேட்டர் கப்பி ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறுபக்கம் சுழலும் வகை. அது தேய்ந்தால் இதே மாதிரி தட்டும். வெளிப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் இன்ஜினை ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் ஹெட் தப்பித்தது.

மேலே சொன்ன எதுவும் இல்லை, சூடான பிறகும் ஹெட்டின் மேலே ஒரே சீராகத் தட்டுகிறது, இன்ஜின் சுற்றும் வேகத்தில் பாதித் தாளம். மீதி இருப்பது இரண்டு. ஒன்று, இன்ஜெக்டரைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்து இன்ஜெக்டர் ஹெட்டுக்குள் ஆடுவது. இன்னொன்று, தேய்ந்த லோப்பும் டேப்பட்டும். இரண்டுக்குமே கவரைத் திறந்தாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சத்தம் ஹெட்டிலிருந்து வராமல் கீழே, ஆயில் சம்ப் பக்கத்திலிருந்து ‘டங் டங்’ என்று கனமாக வந்தால், ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது இன்னும் வலுத்தால், இன்ஜினை உடனே நிறுத்துங்கள். அது கனெக்டிங் ராடு பேரிங்காக இருக்கலாம். அந்த வண்டி பட்டறைக்கு டோ வண்டியில்தான் வர வேண்டும்.

அறிகுறி 2: புல்லிங் குறைந்து கறும்புகை

இதற்குக் காரணங்கள் நிறைய, கேம் அந்த வரிசையில் கடைசி. மலிவானதிலிருந்து தொடங்குங்கள்.

ஏர் ஃபில்டரையும் டீசல் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள், எப்படியும் மாற்ற வேண்டியவைதான். அடுத்து, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களைக் கையால் தடவிப் பாருங்கள். கீழ்ப்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு கீறல் இருந்தால், பெரும்பாலும் நோய் அதுதான். மேட்டில் ஏறும்போது ‘ஸ்ஸ்’ என்று காற்றுப் போகும் சத்தம் கேட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். அப்புறம் டர்போவைக் கட்டுப்படுத்தும் மெல்லிய வேக்யூம் குழாய்கள். பதினைந்து வருட வெயிலில் அவை பிஸ்கட் மாதிரி நொறுங்கும். மீட்டர் கணக்கில் வாங்கி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம்.

இவை சரியாக இருந்தால் ஸ்கேனர் மாட்டுங்கள். பூஸ்ட் அதிகம் அல்லது குறைவு என்று கோளாறுக் குறி இருந்தால் டர்போவின் உள் இறக்கைகள் கரி பிடித்து இறுகியிருக்கலாம். காற்றளவு சென்சார் காட்டும் எண் குறைவாக இருந்தால் சென்சாரையே குற்றம் சொல்லி மாற்றிவிடுவார்கள். மாற்றிய பிறகும் எண் ஏறவில்லை என்றால், இன்ஜின் உண்மையிலேயே குறைவாகத்தான் காற்றை இழுக்கிறது. இன்டேக் வால்வு முழுசாகத் திறக்கவில்லை. இங்கேதான் கேம் மேல் சந்தேகம் வர வேண்டும்.

ஸ்கேனரில் இன்னொன்றும் பார்க்கலாம். அளவுத் தொகுதி (மெஷரிங் பிளாக்) 13, ஐடிலில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு டீசலைக் கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும். நல்ல இன்ஜினில் நான்கும் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். ஒன்று மட்டும் 2.8 மில்லிகிராமைத் தாண்டிப் போனால் அந்தச் சிலிண்டரில் ஏதோ இருக்கிறது. இன்ஜெக்டரா கேமா என்பதை இந்த எண் சொல்லாது. ஆனால் கவரைத் திறந்ததும் முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடும்.

அறிகுறி 3: ஏர் ஃபில்டர் பக்கம் ‘புஸ் புஸ்’

இது என்னைப் பொறுத்தவரை மிகத் தெளிவான அறிகுறி. இன்ஜின் சூடாகி ஐடிலில் ஓடும்போது ஏர் ஃபில்டர் பெட்டியின் வாயருகே காதை வையுங்கள். நல்ல இன்ஜின் சீராக மூச்சிழுக்கும். எக்ஸாஸ்ட் லோப் தேய்ந்த இன்ஜின் நொடிக்கு ஏழெட்டு முறை திருப்பி ஊதும். ஐடில் வேகத்தில் ஒரு சிலிண்டரின் முறை வருவது அத்தனை தடவைதான். எக்ஸாஸ்ட் வால்வு சரியாகத் திறக்காததால் எரிந்த காற்று வெளியே போக வழியில்லாமல் காத்திருக்கிறது. இன்டேக் வால்வு திறந்ததும் அந்த வழியாகப் பாய்கிறது.

உடனே முடிவு கட்ட வேண்டாம். எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். வால்வு மூடாமல் நின்றாலும் மூச்சு கெடும். அதன் வேக்யூம் குழாயைப் பிடுங்கி, முனையை அடைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். சத்தம் மாறினால் ஈ.ஜி.ஆர்., மாறாவிட்டால் கவரைத் திறங்கள். உடைந்த வால்வு ஸ்பிரிங்கும் இதே சத்தம் தரலாம். அதுவும் கவருக்குக் கீழேதான் இருக்கிறது.

அறிகுறி 4: கம்ப்ரஷன் ஒரு சிலிண்டரில் குறைவு, “ரிங் போச்சு” என்று தீர்ப்பு

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் அதிகப் பணம் வீணாகிறது.

இந்த இன்ஜினுக்குக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு, 25 முதல் 31 பார் இருக்க வேண்டும். 19 பார் கடைசி எல்லை. சிலிண்டருக்குச் சிலிண்டர் 5 பாருக்கு மேல் வித்தியாசம் கூடாது. ஒன்று மட்டும் குறைந்தால் பிஸ்டன் ரிங், வால்வு, கேஸ்கெட் என்று பட்டியல் போட்டு முழு இன்ஜின் வேலைக்கு மதிப்பீடு கொடுத்துவிடுவார்கள். ஆனால் இன்டேக் வால்வு பாதிதான் திறக்கிறது என்றால் உள்ளே போகும் காற்றே பாதி. பாதிக் காற்றை எந்த ரிங் அழுத்தினாலும் மீட்டர் குறைத்துத்தான் காட்டும்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இப்படி ஒரு மதிப்பீட்டுக் காகிதத்தோடு வந்தார். மூன்றாவது சிலிண்டரில் 17 பார். “தம்பி, இன்ஜினை இறக்கணுங்கறாங்க, வண்டியை வித்துரலாமான்னு பாக்கறேன்” என்றார். க்ளோ ப்ளக் (ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்கும் ப்ளக்) துளை வழியாக அந்தச் சிலிண்டருக்குக் கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்தோம். பிஸ்டன் உச்சியில், வால்வுகள் இரண்டும் மூடிய நிலையில். ஆயில் மூடியில் காற்று வரவில்லை, சைலன்ஸரிலும் வரவில்லை, ஏர் ஃபில்டர் பக்கமும் வரவில்லை. ரிங்கும் வால்வும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். கவரைத் திறந்தோம். மூன்றாவது சிலிண்டரின் ஒரு லோப், பக்கத்து லோப்பின் முனை எங்கே நிற்கிறதோ அதற்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே, நதிக் கல் மாதிரி உருண்டு கிடந்தது. அதற்குக் கீழிருந்த டேப்பட்டின் தலையில் விரல் நுனி படியும் அளவுக்குக் குழி. அவர் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்றார். வண்டி இன்னும் அவரிடம்தான் ஓடுகிறது.

ஆகவே, கம்ப்ரஷன் குறைந்தால் காற்றுக் கசிவுச் சோதனையையும் கேட்டு வாங்குங்கள். கசிவு இல்லாமல் கம்ப்ரஷன் மட்டும் குறைவு என்றால், கேமைப் பார்க்காமல் இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். பழைய வண்டியில் க்ளோ ப்ளக்கைக் கழற்றும்போது உள்ளேயே ஒடிந்துபோகும் ஆபத்து உண்டு. அதனால் இன்ஜின் சூடாக இருக்கும்போது, பதறாமல், முந்தின நாளே துருநீக்கி தெளித்து வைத்துக் கழற்ற வேண்டும். அனுபவம் இல்லையென்றால் இந்தச் சோதனையைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

அறிகுறி 5: ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே போகிறது

ஆயில் குறைவதற்குப் பதில் கூடினால் உள்ளே டீசல் கலக்கிறது. குச்சியை முகர்ந்தாலே வாடை தெரியும். டிஷ்யூ தாளில் ஒரு சொட்டு வைத்து ஒரு மணி நேரம் விட்டால், கறுப்பு வட்டத்தைச் சுற்றி டீசல் ஈரம் தனி வளையமாகப் பரவும்.

இதை நான் கேம் கட்டுரையில் சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. டீசல் கலந்த ஆயில் நீர்த்துப்போய் லோப்புக்கும் டேப்பட்டுக்கும் நடுவில் நிற்காது. புதுக் கேம் போட்டு, கசிவை அப்படியே விட்டால், புதியதும் அதே வழியில் போகும். காரணம் பெரும்பாலும் இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்கள், அல்லது ஹெட்டின் இடது முனையில் இருந்து டீசலையும் வேக்யூமையும் சேர்த்துத் தரும் டாண்டம் பம்ப்பின் சீல். வளையங்களை மாற்றியும் சில மாதத்தில் திரும்பிவந்தால், இன்ஜெக்டர் உட்காரும் துளையே ஆடி ஆடித் தேய்ந்திருக்கலாம். அது ஹெட்டைக் கழற்றும் வேலை. ஹெட் வேலை வரப்போகிறது என்றால் கேமுக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது, செலவை ஒன்றாகக் கணக்குப் போடலாம்.

அறிகுறி 6: ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறது

இதற்கும் கேம் தேய்மானத்துக்கும் நேரடித் தொடர்பு குறைவு. பேட்டரி, ஸ்டார்ட்டர், க்ளோ ப்ளக், கேம் பொசிஷன் சென்சார், வெப்ப சென்சார், இன்ஜெக்டர் சீல் என்ற வரிசையில் பாருங்கள். டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு தொடங்கிய தொல்லை என்றால் டார்ஷன் மதிப்பை (கிராங்க்குக்கும் கேமுக்கும் இடையிலான கோண விலகல்) பார்க்கச் சொல்லுங்கள், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கவரைத் திறந்த பிறகு

கையால் இன்ஜினைச் சுற்றித்தான் எல்லா லோப்பையும் பார்க்க முடியும். கிராங்க் போல்ட்டில் 19 மி.மீ. சாக்கெட் மாட்டி, கடிகார முள் சுழலும் திசையில் மட்டும் சுற்றுங்கள். சாவி கையில் இருக்கட்டும், வண்டியில் வேண்டாம்.

ஒவ்வொரு வால்வு லோப்பின் முனையையும் விளிம்பையும் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல லோப்பின் விளிம்பு நேராக, கூராக இருக்கும். தேயத் தொடங்கியதில் விளிம்பு மழுங்கி, பரப்பில் நுண்ணிய குழிகள் தெரியும். நகத்தை லோப்பின் குறுக்கே இழுத்தால் படிக்கட்டு மாதிரி தட்டும். அப்புறம் வெர்னியரால் முனையிலிருந்து அடிப்பகுதி வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இன்டேக் நான்கும் தங்களுக்குள் ஒன்றாக இருக்க வேண்டும், எக்ஸாஸ்ட் நான்கும் அப்படியே. ஒன்று மட்டும் அரை மில்லிமீட்டர் குறைந்தால்கூட எனக்கு அந்த ஷாஃப்ட் முடிந்தது.

எட்டு லோப்பும் சரி, விளிம்பு சரி, அளவு சரி. அப்போது கேமை விட்டுவிடுங்கள். இன்ஜெக்டர் போல்ட்டைப் பாருங்கள். அதை மறுபடி முறுக்குவதில் பயன் இல்லை. புது போல்ட் போட்டு 12 நியூட்டன் மீட்டர், அதன் மேல் 270 பாகை முறுக்க வேண்டும்.

பளபளப்பு மட்டும் இருக்கிறது, குழியோ படியோ இல்லை, அளவும் சரி. இது மாற்ற வேண்டிய நிலை இல்லை. சரியான ஆயிலுக்கு மாறி, ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைத்து, 10,000 கிலோமீட்டர் கழித்து மறுபடி திறந்து பாருங்கள். கவர் கேஸ்கெட் ஒன்றுதான் செலவு.

ஒரு லோப் தேய்ந்தாலும் முழு செட் மாற்ற வேண்டும். “மீதி ஏழும் நல்லாத்தானே இருக்கு” என்று கேட்பார்கள். அந்த ஒரு லோப்பிலிருந்து உதிர்ந்த இரும்புத் தூள் ஆயிலோடு எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் வேலை செய்திருக்கும்.

கழற்றும்போது பேரிங் ஷெல்களையும் பாருங்கள். இந்த இன்ஜினில் கேமுக்கும் ஷெல் உண்டு. செம்பு நிறம் தெரிந்தால் அவையும் மாற்ற வேண்டும். ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடும் அளவு 0.15 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

எந்தக் கேம் ஷாஃப்ட்?

கடையில் “1.9 டி.டி.ஐ. கேம்” என்று மட்டும் சொல்லாதீர்கள். நம் ஊரில் ஓடிய முதல் தலைமுறை ஆக்டேவியாவும் 1.9 டி.டி.ஐ.தான். ஆனால் அதில் டீசல் பம்ப் தனி. அந்த ஷாஃப்ட்டில் இன்ஜெக்டர் லோப் கிடையாது. 1.4 டி.டி.ஐ. ஃபேபியா பி.டி.தான், ஆனால் மூன்று சிலிண்டர். பி.டி. 2.0 லிட்டரில் 16 வால்வு வகைக்கு இரண்டு ஷாஃப்ட். பி.டி. 1.9 குடும்பத்துக்குள்ளேயே இன்ஜெக்டர் லோப்பின் வடிவம் இன்ஜினுக்கு இன்ஜின் வேறுபடும். ஆகவே மூன்றெழுத்து இன்ஜின் குறியீட்டை எழுதிக்கொண்டு போங்கள். டைமிங் பெல்ட் மூடியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும், டிக்கியில் ஸ்பேர் டயர் பக்கம் உள்ள ஸ்டிக்கரிலும் இருக்கும். சேஸிஸ் எண்ணையும் கொடுத்தால் பாக எண்ணைச் சரிபார்த்துவிடலாம். புதியது கைக்கு வந்ததும் பழையதற்குப் பக்கத்தில் படுக்கவைத்து, 12 லோப்பின் அகலத்தையும் திசையையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை.

இப்போது வகைகள். என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டைக் கேம் வேண்டாம். புதுப்பேட்டையில் கதவு, விளக்கு, சீட் எல்லாம் நானே வாங்கியிருக்கிறேன். கேம் மட்டும் வாங்குவதில்லை. ஒவ்வொரு லோப்பும் தன் டேப்பட்டோடு சேர்ந்து பழகித் தேய்ந்திருக்கும். கழற்றியவர் டேப்பட்களை வரிசையாக வைத்திருக்க மாட்டார். வரிசை கலைந்த பழைய டேப்பட்டும் பழைய லோப்பும் சேர்ந்தால் தேய்மானம் முதல் நாளிலேயே தொடங்கும். அந்தக் கேம் எந்த ஆயிலில் ஓடியது என்பதும் யாருக்கும் தெரியாது.

லேத் பட்டறையில் வெல்டு வைத்துத் தீட்டிய கேமும் வேண்டாம். லாரி இன்ஜின்களுக்கு அருமையாகச் செய்யும் பட்டறைகள் உண்டு, அவர்கள் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் லோப்பின் கடினம் மேல்பரப்பை ஒட்டித்தான் இருக்கிறது. தீட்டினால் அது குறையும். இன்ஜெக்டர் லோப்பில் சிறு மாற்றம் வந்தாலும் டீசல் அடிக்கும் நேரம் மாறும். இந்த இன்ஜெக்டர் 2,000 பாருக்கு மேல் அழுத்தம் கொடுப்பது, அங்கே தோராயம் ஆகாது.

பெயர் இல்லாத பெட்டியில் மலிவாக வரும் புதுக் கேம்: விலை பாதி என்பதற்காக வாங்க வேண்டாம். லேபர், பெல்ட், ஆயில் எல்லாம் சேர்ந்த மொத்தச் செலவில் ஷாஃப்ட்டின் விலை ஒரு பங்குதான். அதில் மிச்சம் பிடித்துவிட்டு முழு லேபரையும் இரண்டாம் முறை கொடுப்பதை விட, வண்டியை இன்னும் ஒரு மாதம் நிறுத்திவைத்துக் காசு சேர்க்கலாம்.

கம்பெனி ஒரிஜினல் கிடைத்தால், பட்ஜெட் இருந்தால், அதுவே முதல் தேர்வு. இல்லையென்றால் கோல்பன்ஷ்மிட், ஃபெபி போன்ற பெயருள்ள தயாரிப்பாளர்களின் கிட். எட்டு டேப்பட், ஷெல்கள், போல்ட்டுகள், முன் ஆயில் சீல் எல்லாம் அதே பெட்டியில் வரும் கிட்டாகப் பார்த்து வாங்குங்கள். டேப்பட்டைத் தனியாக வாங்க நேர்ந்தால் நான் ஐ.என்.ஏ. கேட்பேன். டேப்பட்டின் தலை தட்டையாகத் தெரிந்தாலும் நடுவில் மிக லேசாக மேடு இருக்கும், லோப்பும் மிக லேசாகச் சாய்ந்திருக்கும். அந்த இரண்டும் சேர்ந்துதான் டேப்பட்டைச் சுழல வைக்கின்றன. சுழலும் வரை தேய்மானம் எல்லா இடத்துக்கும் பரவும். பழைய டேப்பட்டின் தலையில் மேடு போய்க் குழிதான் இருக்கும். அதன் மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், நடுவில் வெளிச்சம் கசியும். அது சுழலாது. புதுக் கேமின் மேல் அதைப் போடுவது புதுக் கேமை வீணாக்குவதுதான்.

வாங்கும் முன் இன்னொரு கேள்வியும் கேட்டுக்கொள்ளுங்கள்: மற்றது எப்படி? கம்ப்ரஷன் மற்ற மூன்றிலும் நன்றாக இருக்கிறதா, டர்போ ஆடுகிறதா, ஃப்ளைவீல் தட்டுகிறதா, உடம்பில் துரு எவ்வளவு? இவை தேறினால் தயங்காமல் நல்ல கேமே போடுங்கள், இந்த இன்ஜின் இன்னும் நீண்ட தூரம் ஓடும். ஃப்ளைவீலும் டர்போவும் சேர்ந்தே கேட்கிறது என்றால் மொத்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் இதே வேலையோடு மாற்றிவிடுவது நல்லது. பெல்ட்டை எப்படியும் கழற்றத்தான் போகிறார்கள்.

எங்கே நிறுத்திப் பட்டறைக்குக் கொடுப்பது

கவரைத் திறப்பது, பார்ப்பது, அளப்பது வரை கைப்பழக்கம் உள்ள எவரும் வீட்டில் செய்யலாம். பெல்ட்டைக் கழற்றும் இடத்தில் நிறுத்துங்கள். கிராங்க்கையும் கேமையும் பூட்டும் டூல் இல்லாமல் அந்த வேலையைத் தொடக் கூடாது. பட்டறையிலும் அதையே கேளுங்கள்: “பூட்டற டூல் இருக்கா? டிகிரி பாத்து முறுக்கற ரெஞ்ச் இருக்கா?” பெயிண்ட் கோடு போட்டு வைத்துக்கொள்வோம் என்று சொன்னால் வேறு பட்டறை பாருங்கள்.

வேலை நடக்கும்போது நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய சில இடங்கள். கேம் பேரிங் மூடி போல்ட் புதியது, 8 நியூட்டன் மீட்டர், அதன் மேல் 90 பாகை. ராக்கர் (கேமுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே அழுத்தும் கை) ஷாஃப்ட் போல்ட்டும் புதியது, 20 நியூட்டன் மீட்டர், அதன் மேல் 90 பாகை. ராக்கர் போட்ட பிறகு ஒவ்வொரு இன்ஜெக்டர் ஸ்க்ரூவையும் கடைசி வரை முறுக்கி, கையேடு சொல்லும் அளவு திருப்பிவிட்டு, நட்டைப் பூட்ட வேண்டும். இந்த இன்ஜினில் பொதுவாக அரைச் சுற்று. இதை விட்டுவிட்டால் இன்ஜெக்டரே உடையும். புது டேப்பட் போட்டதும் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். டேப்பட் உள்ளே அமுங்க நேரம் கொடுக்காவிட்டால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். இந்த அரை மணி நேரத்தைத்தான் அவசரத்தில் விழுங்கிவிடுகிறார்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் மெக்கானிக்கை டீ சாப்பிட அழைத்துக்கொண்டு போங்கள்.

லோப்பில் அசெம்பிளி பேஸ்ட் தடவி, ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 1,500லிருந்து 2,000 சுற்றில் இருபது நிமிடம் ஓடவிடுவது என் வழக்கம். ஐடிலில் லோப்புக்குக் கிடைக்கும் ஆயில் குறைவு.

மாற்றிய பிறகும் தொல்லை இருந்தால்

முதல் சில நிமிடம் தட்டும் சத்தம் இயல்புதான். நின்றுவிடவில்லை என்றால் ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடும் வரை சூடாக்கி, 2,500 சுற்றில் இரண்டு நிமிடம் பிடியுங்கள். அதன் பிறகும் தட்டும் டேப்பட் பழுதானது, கடைக்காரரிடம் மாற்றிக் கேளுங்கள்.

முன்பு இல்லாத கனமான இடி சத்தம் புதிதாக வந்தால் இன்ஜெக்டர் ஸ்க்ரூ அளவு தப்பு. ஓட்டாமல் நிறுத்துங்கள்.

ஸ்டார்ட்டிங் மோசமானால் ஸ்கேனரில் அளவுத் தொகுதி 4ஐத் திறந்து டார்ஷன் மதிப்பைப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். தள்ளிப் போயிருந்தால் கேம் சக்கரத்தின் மூன்று போல்ட்டைத் தளர்த்தி மறுபடி சரி செய்யச் சொல்லுங்கள்.

பெல்ட் பக்கம் ஆயில் கசிந்தால் முன் சீலைப் பாருங்கள். கிட்டில் வருவது டெஃப்லான் சீல் என்றால் அதற்கு ஆயில் தடவாமல் உலர்ந்தபடியே பொருத்த வேண்டும். பழக்கதோஷத்தில் தடவிவிடுவார்கள். கசிந்தால் உடனே மாற்றுங்கள், ஆயில் பட்ட டைமிங் பெல்ட்டை நம்ப முடியாது.

1,000 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். பழைய ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை வெயிலில் விரியுங்கள். முதல் முறை கொஞ்சம் மினுமினுப்பு இருக்கும், அது பழைய கேமின் மிச்சம். அடுத்த 7,500 கிலோமீட்டரிலும் அதே மினுமினுப்பு இருந்தால், காந்தத்தை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். துகள் ஒட்டினால் அன்றைக்கே கவரைத் திறக்க வண்டியைக் கொண்டுவாருங்கள்.